யோகா அக்கா வணக்கம் போடாத வெள்ளிக்கிழமை

மேடையில் வீற்றிருக்கும் இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவர், அண்ணன் கார்த்திகேசு அவர்களே! தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க மெல்பர்னிலிருந்து பறந்து வந்த அருமை மகள் மிதுஷா அவர்களே! பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அம்மையாரோடு இருபத்தெட்டு ஆண்டுகள் ஒன்றாக நின்று வேலை பார்த்த தோழியர்களே! 'கெலுகோர் காப்பிக்கடை' அரட்டைக் குழுவின் உறுப்பினர்களே! உறுப்பினர்களாக இருந்து, மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரே காலையில் வெளியேறிப் போனவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் ஸ்ரீகரன். நில அளவை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. என் கையில் இருக்கும் தாள் ஆடுவது முன் வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். துக்கத்தில் நடுங்குகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். துக்கம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் இந்த நடுக்கம் பயத்தால் வருவது. எனக்குப் பயமாக இருக்கிறது, பெரியோர்களே!

மேடை ஏறுவதற்கு முன் தலைவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ஸ்ரீ, அஞ்சு நிமிஷம் பேசு. நல்லவங்க, உதவி செஞ்சவங்கன்னு சொல்லு. அந்த விஷயத்த மட்டும் தொடாதப்பா. யாரு யாரு போன்ல புடிக்கிறான்னு தெரியாது லா" என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். அவர் சொன்னபடியே ஐந்து நிமிட உரையும் எழுதி வைத்திருந்தேன். அதில் தாயுள்ளம், தியாகம், தன்னலமற்ற தொண்டு எல்லாம் இருந்தன. யோகா அக்கா அதைப் படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். நான் அந்த விஷயத்தைத்தான் பேசப் போகிறேன்.

நாங்கள் யோகா அக்கா என்று அழைத்த அம்மையார் யோகலட்சுமி குலசேகரம் யார்? அவரைத் தெரியாத உறவினர்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்சாலையில் அவர் லைன் லீடர். நாற்பது பெண்களின் வேலைக்குப் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு, கணவர் குலசேகரமும் காலமான பிறகு, கெலுகோரில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் தனியாக வாழ்ந்தார். கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தோமே, அப்போது கைபேசியில் ஓர் அரட்டைக் குழுவைத் தொடங்கினார். அதற்குக் 'கெலுகோர் காப்பிக்கடை' என்று பெயர் வைத்தார். யாருக்கு மருந்து வேண்டும், எந்தக் கடையில் முட்டை இருக்கிறது என்று கேட்பதற்காகத் தொடங்கிய குழு அது. அடைப்பு முடிந்தது. குழு முடியவில்லை! நூற்று எண்பத்தாறு பேராக வளர்ந்தது.

அங்கே என்னதான் பேசவில்லை நாம்? மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காத கதையைப் பேசினோம். முருங்கைக்கீரைக்குப் பூச்சி வந்ததைப் பேசினோம். நான் சண்டை மீன் வளர்க்கிறவன். தினம் ஒரு மீனைப் படம் பிடித்துப் போடுவேன். "நேத்துப் போட்ட மீனும் இதே மீன்தானே?" என்று மோகனராஜ் கேட்பார். அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இல்லை ஐயா, அது வேறு மீன், இன்றைக்கும் சொல்கிறேன்!

அரசியலும் பேசினோம். எந்தக் கட்சி யாரோடு சேரும், யார் யாரைக் கவிழ்ப்பார், பெட்ரோல் மானியம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று அடித்துக்கொண்டோம். அம்மையார் ஒருமுறைகூட அரசியல் பேசாதே என்று சொன்னதில்லை. "பேசுங்க. ஆனா அடுத்தவன் அம்மாவ இழுக்கக் கூடாது" என்பார். சண்டை முற்றிவிட்டால் அவரிடம் ஒரு தண்டனை இருந்தது. சண்டை போட்ட இரண்டு பேரும் மறுநாள் தங்கள் வீட்டுச் சமையலைப் படம் எடுத்துப் போட வேண்டும்! எதிர்க்கட்சிக்காரர் வீட்டு மீன் குழம்பைப் பார்த்த பிறகு யாருக்குக் கோபம் நிற்கும்? குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தினால் சின்னக் கடைகள் மூடிவிடும் என்று மோகனராஜ் ஒரு வாரம் அம்மையாரோடு மல்லுக்கட்டினார். எட்டாம் நாள் இருவரும் ரசத்துக்குப் புளி எவ்வளவு போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பள விஷயத்தில் இருவரும் கடைசிவரை ஒத்துப் போகவே இல்லை.

இவ்வளவும் அரட்டைதான். அரட்டையை நடத்தியதற்கு ஓர் இரங்கல் கூட்டமா என்று நீங்கள் கேட்கலாம். பெரியோர்களே, அந்த அரட்டைக்குள் அவர் ஒரு காவலை வைத்திருந்தார்!

குழு தொடங்கிய இரண்டாம் ஆண்டு, நம் உறுப்பினர் ஒருவர், மனைவியை இழந்து தனியாக வாழ்ந்தவர், வீட்டிலேயே இறந்துபோனார். இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரமே அம்மையார் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். தனியாக வாழ்கிறவர்கள் எல்லோரும் காலை எட்டு மணிக்குள் குழுவில் ஒரு வணக்கம் போட வேண்டும். பூப்படம் வேண்டாம், பொன்மொழி வேண்டாம், 'வணக்கம்' என்ற ஒரு சொல் போதும். ஒன்பது மணிக்குள் யாருடைய வணக்கம் வரவில்லையோ, அவர் வீட்டுக்கு ஆள் போகும். முப்பத்தோரு பேர் நாங்கள் தனியாக வாழ்கிறவர்கள். முப்பத்தோரு பேருடைய முகவரியும், சாவி எந்த அண்டை வீட்டில் இருக்கிறது என்பதும் அம்மையாரிடம் இருந்தது. மற்றவர்களுக்கு முன்பாக, ஆறரை மணிக்கே, அவருடைய வணக்கம் வந்துவிடும்.

ஒருநாள் காலை மீன் தொட்டியைக் கழுவும்போது என் கைபேசியைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன். வணக்கம் போடவில்லை. ஒன்பது அடித்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, என் வீட்டுக் கம்பிக்கதவு அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால் அம்மையார்! மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதவை அடித்துக்கொண்டிருக்கிறார். "ஸ்ரீ! உயிரோட இருக்கியா? இருந்தா கதவத் தொற! இல்லாட்டி சொல்லு, ஆளக் கூப்பிட்டு ஒடைக்கிறேன்!" என்று கத்துகிறார். இல்லாட்டி எப்படி அக்கா சொல்வேன் என்று கேட்டேன். தலைக்கவசத்துக்குள் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன்.

ஐந்து ஆண்டுகளில் இப்படி அவர் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார்! இரண்டு பேர் இன்று உயிரோடு இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது அவர் தட்டியதால்தான். அவர்கள் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

இனி அந்த விஷயம்.

நம் குழுவில் லோகேஸ்வரி என்று ஒரு சகோதரி இருக்கிறார். அதோ, வாசல் பக்கம், பச்சைச் சேலை. எழுந்திருக்க வேண்டாம் அம்மா, உட்காருங்கள். ஒரு பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கிறார், பதினான்கு ஆண்டுகளாக. ஆனால் பள்ளிக்கு அவர் ஊழியர் அல்ல. குத்தகை எடுக்கும் நிறுவனத்தின் ஊழியர். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குத்தகை கைமாறும். கழிவறை அதே கழிவறை, துடைப்பம் அதே துடைப்பம், கை அதே கை! ஆனால் தாளில் அவர் புதிய ஆள். பழைய விடுப்புப் போய்விடும், பழைய சேவை போய்விடும், எல்லாம் முதல் நாளிலிருந்து தொடங்கும். ஒருநாள் நம் குழுவில் சமையல் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, இந்தச் சகோதரி குரல்பதிவு ஒன்று அனுப்பினார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. பதினாலு வருஷமா நான் புது ஆளுதான். எப்பக்கா நான் பழைய ஆளாவேன்?" என்று கேட்டார்.

சிலர் அழுகிற முகம் போட்டோம். சிலர் கும்பிடு போட்டோம். அம்மையார் மட்டும் அவரை நேரில் போய்ப் பார்த்தார். சம்பளச் சீட்டுகளை வாங்கிப் படித்தார். பிறகு குழுவில் நீளமாக எழுதினார். இந்த நாட்டில் கீழே நிற்பவருக்கு ஒரு சட்டம், குத்தகை எடுப்பவருக்கு ஒரு சட்டமா என்று கேட்டார். இந்தக் குத்தகை ஒவ்வொரு முறையும் யாருக்குப் போகிறது, ஏன் போகிறது என்று கேட்டார். தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதுவோம், பெயர் கொடுங்கள் என்றார். கேட்டது அவ்வளவுதான்! காப்பிக்கடையில் கேட்கக்கூடிய கேள்விதான்!

அதை யாரோ நம்மில் ஒருவர் படம் பிடித்து வெளியே அனுப்பினார். அந்த நிறுவனத்தார் போலீஸில் புகார் கொடுத்தார்கள். ஒரு புதன்கிழமை அம்மையாருக்கு அழைப்பு வந்தது, அடுத்த செவ்வாய்க்கிழமை நேரில் வந்து வாக்குமூலம் கொடுங்கள் என்று. அதை அவர் மறைக்கவில்லை. குழுவில் அவரே எழுதினார்: "செவ்வாக்கெழம என்னைய போலீஸ் பாலாய்க்கு வரச் சொல்லியிருக்காங்க. போயிட்டு வந்துருவேன். நான் எழுதுனது, நான் பேசிக்கிறேன். யாருக்கும் ஒன்னும் ஆகாது. ஸ்ரீ, நீ மீன் படம் போடு லா."

நான் மீன் படம் போட்டேனா? இல்லை, பெரியோர்களே! போட்ட மீன் படங்களை அழித்தேன்!

மீனுக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் ஒரு படத்துக்குக் கீழே, 'அக்கா எழுதினது நூத்துக்கு நூறு உண்மை' என்று நான் எழுதியிருந்தேன். எந்தப் படம் என்று நினைவில்லை. ஆகவே எல்லாவற்றையும் அழித்தேன். நான் மட்டுமா? அன்று மாலை குழு முழுவதும் ஒரே வாசகம்தான், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது', 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று எழுதியதைக்கூட அழித்தவர்கள் இருக்கிறார்கள். பயம் வந்தால் மனிதனுக்கு எது ரசம், எது அரசியல் என்று தெரியாமல் போய்விடுகிறது.

ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். படம் பிடித்து அனுப்பியது யார்? இவனா, அவளா? இதுவரை தெரியாது. அவர் இந்த மண்டபத்தில் இருந்தாலும் இருக்கலாம். இருந்தால் கேளுங்கள், உங்களை நான் தேடவில்லை. உங்கள் குற்றத்தைவிட என் குற்றம் பெரியது. இன்னும் இரண்டு நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை அம்மையாரைத் தவிர பதினோரு பேர்தான் வணக்கம் போட்டார்கள். அம்மையார் மற்ற பத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராக அழைத்தார். நானும் அந்தப் பத்தொன்பதில் ஒருவன். "உயிரோடதானே இருக்க? சரி, போட இஷ்டமில்லன்னா போடாத. போன் மட்டும் எடு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் களைப்பு இருந்தது. தலை சுற்றுகிறது என்றார். வெயில் அக்கா, தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிச் சீக்கிரம் வைத்துவிட்டேன். ஏன் சீக்கிரம் வைத்தேன்? அவருடைய அழைப்புப் பட்டியலில் என் எண் நீண்ட நேரம் இருக்கக் கூடாது என்று! இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு அம்மையாரின் வணக்கம் வரவில்லை.

ஏழு மணிக்கும் வரவில்லை. ஏழேகாலுக்கு ஒருவர் எழுதினார்: "அக்கா போன எடுத்துட்டாங்க போல." போல! அந்த ஒரு 'போல'வுக்கு ஆதாரம் என்ன என்று யாராவது கேட்டோமா? போலீஸ்காரர்கள் அக்கா போனை எடுத்துவிட்டார்கள் என்றால் குழுவில் இருக்கும் நம் எல்லோர் பெயரும் அவர்கள் கையில். எல்லோர் எண்ணும் அவர்கள் கையில். அப்படித்தான் ஒவ்வொருவரும் நினைத்தோம். ஏழு இருபதுக்கு முதல் ஆள் வெளியேறினார். பிறகு இரண்டு பேர். பிறகு ஐந்து பேர். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னார் வெளியேறினார், இன்னார் வெளியேறினார், இன்னார் வெளியேறினார்! ஒன்பது மணிக்குள் அறுபத்து மூன்று பேர்!

ஒன்பது மணி, பெரியோர்களே! ஒன்பது மணிக்கு என்ன வழக்கம்? வணக்கம் வராத வீட்டுக்கு ஆள் போக வேண்டும் என்பதுதானே? அதை உண்டாக்கியவருடைய வணக்கமே வரவில்லை, ஆனால் நம்மில் ஒருவருக்காவது, ஒரே ஒருவருக்காவது, அவர் விழுந்து கிடப்பார் என்று தோன்றவில்லையே! அறுபத்தொரு வயது, தனியாக இருக்கிறவர், முந்தின நாள் தலை சுற்றுகிறது என்றவர். அந்தத் தலைசுற்றலைக் கேட்டவன் நான் ஒருவன்தான். எனக்கே தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. ஒன்பதே காலுக்குத் தோன்றியது.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் காடி ஓட்டிப் போனால் பன்னிரண்டு நிமிடம். சாவியைக் கையில் எடுத்தேன். அங்கே போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தால்? நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்டால்? என் மகன் அரசாங்க வேலையில் இருக்கிறான், இந்த ஆண்டு பதவி உயர்வுக்கு அவன் பெயர் போயிருக்கிறது. என் ஓய்வூதியம் என்ன ஆகும்? இப்படிப் பத்துக் கேள்விகள் கேட்டுக்கொண்டு சாவியைத் திரும்பத் தொங்கவிட்டேன். பிறகு கைபேசியை அணைத்தேன். அணைத்த கைபேசியைக்கூட மேசையில் வைக்கப் பயந்து, அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் செய்த காரியத்தில் சிரிக்கக்கூடியது அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் அம்மையார் எங்கே இருந்தார்?

குளியலறைத் தரையில் இருந்தார். காலை ஐந்தரை மணிக்கு முகம் கழுவப் போனவர் மயங்கி விழுந்திருக்கிறார். இடுப்பு முறிந்து எழ முடியவில்லை. கைபேசி சமையலறையில் மின்னேற்றத்தில் இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை, பெரியோர்களே! எந்தப் போலீசும் அதை எடுக்கவில்லை!

பகல் பன்னிரண்டு மணிக்கு லோகேஸ்வரி சகோதரி, "அக்கா சாப்டாச்சா?" என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்பினார். பதில் இல்லை. இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. அம்மையாருடைய கைபேசியில் அன்று முழுவதும் தவறிய அழைப்புகள் அந்த இரண்டுதான். நூற்று எண்பத்தாறு பேர் இருந்த குழுவில் இரண்டே அழைப்பு, அதுவும் ஒரே ஆளிடமிருந்து! வேலை முடிந்ததும் அந்தச் சகோதரி சீருடையைக்கூட மாற்றாமல் பேருந்து பிடித்தார். மூன்று மணிக்கு ஏழாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஹஸ்ருலைக் கூப்பிட்டார். சாவி அவரிடமும் இல்லை. கம்பிக்கதவின் பூட்டை வெட்டித் திறந்தார்.

அந்தப் புகாரால் யாருக்கு அதிக ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். எனக்கா? ஓய்வு பெற்றவனை என்ன செய்துவிடுவார்கள்? ஆபத்து இந்தச் சகோதரிக்குத்தான். எந்த நிறுவனத்தைப் பற்றிப் பேச்சோ அந்த நிறுவனத்தில்தான் அவருக்கு வேலை. அந்த நிறுவனத்தின் பெயர் முதுகில் எழுதிய சட்டையோடுதான் அவர் அங்கே போய் நின்றார். "பயமா இல்லையாம்மா?" என்று பிறகு நான் கேட்டேன். "பயந்தாண்ணே. ஆனா அக்கா சாப்டாங்களான்னு தெரியலையே" என்றார்.

அம்மையார் அப்போது நினைவோடுதான் இருந்தார். லோகேஸ்வரி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டபோது, அம்மையார் ஒன்று சொன்னாராம். அதை இங்கே சொல்லலாமா என்று நான் மகளிடம் கேட்டேன். சொல்லுங்கள் அங்கிள் என்றார் மிதுஷா. சொல்கிறேன்.

"ஒம்போது மணிக்கு வந்துருவாங்கன்னு நெனச்சேன்."

இவ்வளவுதான் சொன்னார். நம்மைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஐயோ, யோகா அக்கா! எங்கள் கதவுகளையெல்லாம் தட்டினீர்களே! ஒருவர்கூட உங்கள் கதவைத் தட்டவில்லையே! தட்ட வேண்டியவன் நான்தானே! அந்த ஐந்தரை மணியிலிருந்து மூன்று மணிவரை, ஒவ்வொரு மணிக்கும் யார் வருவார் என்று நினைத்தீர்கள்? என்னை நினைத்தீர்களா? ஸ்ரீ வீடு பக்கம்தானே, வந்துவிடுவான் என்று நினைத்தீர்களா?

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. இது தலைவருக்கும் தெரியாது. அம்மாவின் எண்ணை மூடுவதற்கு முன் மிதுஷா குழுவுக்கு நன்றி எழுதிவிட்டு, அம்மாவைக் குழுவிலிருந்து வெளியே எடுத்தார். நிர்வாகி போய்விட்டால் கைபேசியே மிச்சம் இருப்பவர்களில் ஒருவரை நிர்வாகியாக்கிவிடுமாம். யாரையும் கேட்பதில்லை. என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இரங்கல் வரிகளுக்கு நடுவே, 'நீங்கள் இப்போது நிர்வாகி' என்று ஒரு வரி. அதைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

மூன்று நாளுக்கு முன் விசாரணை அதிகாரி என்னை அழைத்தார். இளம் குரல். மலாயில், மிகப் பணிவாகத்தான் பேசினார். அம்மையார் இறந்துவிட்டதற்கு வருந்துகிறேன் என்றார். புகார் இன்னும் முடியவில்லை, இப்போது குழுவின் நிர்வாகி நீங்களா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குச் சரியாகத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்! என் பெயர் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னதைப் போலத்தான் அது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வர முடியுமா என்றார். அதற்கும் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நேற்றுவரை குழுவைக் கலைத்துவிடுவது என்றுதான் இருந்தேன். இந்த மேடையில் அதை அறிவிப்பதாகத்தான் எழுதி வைத்திருந்தேன். அம்மையாரின் நினைவாகக் குழுவை நிறைவு செய்கிறோம் என்று அழகாகக்கூட எழுதியிருந்தேன். அதைக் கண்ணாடி முன் நின்று படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். கலைத்துவிட்டால் முப்பது பேர் நாளைக் காலை உயிரோடு இருக்கிறார்களா என்று யார் கேட்பது? அவர்களுக்குள் நானும் இருக்கிறேனே!

ஆகவே கலைக்கவில்லை. இன்று காலை அந்த அதிகாரியை நானே அழைத்தேன். ஆமாம், நிர்வாகி நான்தான், வியாழக்கிழமை வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். வீரம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வீரம் வரவில்லை. வருமென்ற நம்பிக்கையும் இல்லை. இப்போதும் இந்த வாசலில் யாராவது புதியவர் வந்து நின்றால் என் பேச்சு நின்றுவிடும்.

மனுவும் போகும். அம்மையார் கேட்டாரே பெயர் கொடுங்கள் என்று, வெளியே மேசையில் அந்த மனு இருக்கிறது. என் பெயரும் லோகேஸ்வரியின் பெயரும் இருக்கின்றன. சம்பளத்தில் அம்மையாரோடு ஒத்துப்போகாத மோகனராஜின் பெயரும் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் வேறு, பதினான்கு வருஷம் புது ஆளாக வைத்திருப்பது வேறு என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். பயப்படுகிறவனை அவமானப்படுத்தும் தகுதி இந்த மண்டபத்தில் கடைசியாகத்தான் எனக்கு வரும்.

அம்மையார் யோகலட்சுமி குலசேகரம் அவர்களே! உங்களைப் போல என்னால் கதவை அடித்துக் கத்த முடியாது. ஆனால் இனி ஒன்பது மணிக்கு யாருடைய வணக்கம் வரவில்லையோ, அவர் வீட்டு வாசலில் இந்தப் பயந்தாங்கொள்ளி நிற்பான். போலீஸ் நின்றாலும் நிற்பான், நடுங்கிக்கொண்டே நிற்பான். இது உங்கள் மகள் முன்னிலையில் நான் சொல்கிற வார்த்தை.

கூடியிருப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வெளியேறியவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் உள்ளே போகிறேன். வெளியே வந்தவுடன் குழுவில் ஒரு வரி எழுதுவேன். ஒரு மணிவரை அந்த வரி வராவிட்டால், தயவுசெய்து, என் போனை எடுத்துவிட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்து ஒவ்வொருவராகப் போய்விடாதீர்கள். யாராவது ஒருவர் வாருங்கள். வந்து, ஸ்ரீகரன் எங்கே என்று கேளுங்கள்.